ஆத்தாளுக்கு விட்ட ஆடுகளும் என் மகளின் புழுவும்

என் மகள் முத்துச்செல்வி ஸ்காட்லாந்திலிருந்து வந்தாள். என்னைப் பார்க்க வரவில்லை, ஆட்டைப் பார்க்க வந்தாள். வந்த மறுநாளே, "அம்மா, அஞ்சு நாளைக்கு என்கூட வேன்ல வா. கிராமத்துப் பொம்பளைக என்னையக் கண்டா கவர்மெண்டு ஆளுன்னு ஒதுங்குறாக. நீ பக்கத்துல நின்னாப் போதும்" என்றாள். நிற்கத்தானே சொல்கிறாள், பேசச் சொல்லவில்லையே என்று கிளம்பிவிட்டேன். நான் முப்பத்தஞ்சு வருசம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள். அந்த வேலைக்கு வாய் வேண்டாம். எதிரே முன்பின் தெரியாத ஆள் வந்தால் எனக்கு இன்றைக்கும் முந்தானை தானாகத் தோளுக்குப் போகும்.

அவள் படித்தது மாட்டு டாக்டர் படிப்பு. பார்ப்பதோ மாட்டையும் இல்லை, ஆட்டையும் இல்லை. ஆட்டு வயிற்றுக்குள் இருக்கும் ஒரே ஒரு புழுவை. இருபது வருசத்துக்கு மேலாக அந்த ஒரு புழு. முன்னே ஒருதரம் என்னை அங்கே கூட்டிப்போய் மூன்று மாதம் வைத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். திறந்தால் அடுக்கடுக்காக ஆட்டுப் புழுக்கை, டப்பாவில் போட்டுப் பேரெழுதி வைத்திருந்தார்கள். வீட்டில் நான் வைத்த புளிக்குழம்புக்குக்கூட அம்புட்டு மரியாதை கிடையாது.

அந்த ஊர்ச் செம்மறிகள் கம்பளி போர்த்தியது மாதிரி கொழுகொழுவென்று பச்சைப்புல்லில் நிற்கும். கூட ஒரு ஆள் இருக்காது. அம்புட்டு நல்லா இருந்தும் இந்தப் புழு ஏறினால் குட்டிகள் வெளுத்துப் போய்ச் சாகுமாம். மருந்து ஊற்றி ஊற்றி, இப்போது மருந்துக்கும் புழு அசைவதில்லையாம். நம்ம பக்கத்துக் கன்னி ஆடு, காதும் முகமும் கோடு போட்ட கறுப்பு ஆடு, அந்தப் புழுவை வயிற்றில் தங்கவிடாமல் விரட்டிவிடுகிறது என்பதுதான் என் மகள் இத்தனை வருசமும் சொன்ன பேச்சு. அங்கே இருப்பவர்கள், "உங்க ஊர் ஆட்டுக்கும் மருந்து கொடுத்திருப்பாங்க, அதான் புழு இல்லை" என்றார்களாம். மருந்தே படாத ஆட்டின் வயிற்றைத் திறந்து காட்டினால்தான் அவள் பேச்சு எடுபடும். இந்த வருசத்தோடு அந்த ஆராய்ச்சியை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பயணத்தில் மருந்து படாத ஆடு கிடைக்காவிட்டால் அவ்வளவுதான்.

முதல் நாள் நாரணாபுரம் பக்கம் போனோம். வேன் ஓட்டியவர் மாரிமுத்து, ஐம்பது வயதிருக்கும், ஓயாமல் பேசுவார். முன்னால் வெடி ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்திப்போக மாட்டேன் என்று மாரிமுத்து அதன் பின்னாலேயே மாட்டுவண்டி வேகத்தில் வந்தார். ஸ்காட்லாந்தில் ஆடு ரோட்டில் படுத்துக்கொண்டால் கார்கள் வரிசையாக நிற்கும், ஒருத்தரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். இங்கே எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அடித்தார்கள்.

வெடிக் கம்பெனி வேலி ஓரமாக ஆடுகள் மேய்ந்தன. தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள், நடுவே வேப்பமரம். என் மகள் கையுறையை மாட்டி, ஒரு ஆட்டைப் பிடித்து, பின்னால் விரலை விட்டுப் புழுக்கையை எடுத்தாள். மேய்த்துக்கொண்டிருந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏன்க்கா, ஃபாரின்ல புழுக்கை கிடைக்கலையாக்கும்? கேட்டிருந்தா ஒரு மூட்டை லோடு ஏத்தி அனுப்பியிருப்போம்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கும்தான்.

ஆனால் மருந்து கொடுத்தீகளா என்று கேட்டதும் அந்தப் பெண் பெருமையாகத் தலையாட்டினாள். போன மாதம் கேம்ப் போட்டு அத்தனைக்கும் ஊற்றிவிட்டார்களாம். அடுத்த மந்தையிலும் அதே பதில். அதற்கடுத்ததிலும். மருந்து கொடுப்பது நல்ல காரியம், கொடுக்காதவர்கள்தான் வெட்கப்படுகிறார்கள். என் மகள் மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பிடி குறைந்துகொண்டே வந்தாள்.

அன்றைக்கு விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா வாங்கினோம். எண்ணெயில் முங்கி எழுந்து, பிய்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கடைக்குள் ஆம்பிளைக் கூட்டம், நான் வேனிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு தின்றேன். அவள் அரையோடு வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் ஆலங்குளம். சிமெண்டு ஆலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நீலமாக நின்றது. அந்த நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழுபது வருசமாக இந்தப் பக்கத்திலேயே இருக்கிறேன், ஸ்காட்லாந்து ஏரியைப் பார்த்துவிட்டேன், ஆலங்குளத்தைப் பார்த்ததில்லை. குழியோரம் நின்ற ஆடுகளின் முதுகெல்லாம் வெள்ளைத்தூசி.

அங்கேயும் மருந்து ஊற்றியாகிவிட்டது.

திரும்பும்போது மாரிமுத்து குறுக்குப்பாதை என்று கரிசல்காட்டுக்குள் விட்டார். முந்தின வாரம் பெய்த மழையில் மண் களியாகக் கிடந்தது. சக்கரம் பாதிக்குமேல் புதைந்துவிட்டது. அவர் டிராக்டர் தேடிப் போனார். சுற்றிலும் மக்காச்சோளத் தட்டை. புழுக்கை வைத்த ஐஸ் பெட்டி ஒழுகி என் காலடி நனைந்தது. மகள் வரப்பில் உட்கார்ந்து போனில் இங்கிலீசில் பேசினாள். வைத்தபிறகு என்னவென்று கேட்டேன். அவளுடைய மேலதிகாரியாம். "'கிடைக்கலைன்னா பரவாயில்ல, திரும்பி வா, உன் மேல யாருக்கும் வருத்தமில்ல'ன்னு சொல்றாரு" என்றாள். அப்படிச் சொன்னால் நல்லதுதானே என்றேன். "எனக்கு வருத்தம்மா" என்றாள்.

எனக்கு ஒன்று தெரியும். முதல் நாளே தெரியும். சொல்லத்தான் பயமாக இருந்தது.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு எங்கள் பக்கத்தில் மருந்து கொடுக்க மாட்டார்கள். ஊசி கிடையாது, காதில் ஓட்டை போட்டு அட்டை மாட்டவும் விடமாட்டார்கள். அது ஆத்தாளுடையது, அவள் பார்த்துக்கொள்வாள். கேம்ப் நடக்கிற அன்று அதை மட்டும் கொல்லைப்பக்கம் கட்டிவிட்டு, மற்றதை ஓட்டிக்கொண்டு போவார்கள். டாக்டரிடம் சொல்வதில்லை. கேட்டால் எல்லாத்துக்கும் ஊற்றியாச்சு என்பார்கள். பொய்யென்று நினைப்பதில்லை, அந்த ஆட்டை அவர்கள் தங்கள் ஆடாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

இது என் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். அவள் மூன்றாவது படிக்கும்போது வயிறு ஊதி, முகம் வெளுத்து, மண்ணைத் தின்றுகொண்டு திரிந்தாள். நான் ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார்கள். பூச்சி விழுந்து பிள்ளை தேறிவிட்டாள். மாத்திரை என்பாள் அவள், ஆத்தா என்பேன் நான். கிடாவை வெட்டிய அன்று குடலை நான் கழுவும்போது அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளே நெளிந்ததைப் பார்த்து, "எனக்கு இருந்த மாதிரி இதுக்கும் பூச்சியாம்மா?" என்று கேட்டாள். அழவில்லை. அன்றைக்குப் பிடித்தது, ஒன்பது வயதில், இன்னும் விடவில்லை. ஆடு யாருடையது என்பதைத்தான் மறந்துவிட்டாள்.

ஆத்தாள் பொருளில் கைவைக்கச் சொல்லலாமா என்று எனக்கு இரண்டு நாளாகக் குழப்பம். அவள் வரப்பில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து வந்து, சேற்றுக்காலோடு என் முன்னால் நின்று, முதலிலிருந்து இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "ஒவ்வொரு மந்தையிலயுமா?" என்றாள். ஒன்றாவது இருக்கும் என்றேன். அதே காட்டில் மேய்ந்து அதே தண்ணி குடித்த ஆடு, அதற்கு மட்டும் மருந்து இல்லை. அவள் இருபது வருசமாகத் தேடியது எல்லா வீட்டுக் கொல்லையிலும் கட்டிக்கிடந்திருக்கிறது. டிராக்டரோடு வந்த மாரிமுத்து, நாங்கள் இருவரும் சேற்றில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார்.

மூன்றாம் நாள் சாத்தூருக்குக் கீழே உள்ள கிராமங்களில், நேர்ந்துவிட்டதற்கு அடையாளமாகக் கழுத்தில் மஞ்சள்கயிறு கட்டிய ஆடுகளைத் தேடிப்போனோம். கேட்கிற விதத்தில் கேட்டால் கொல்லைக்கதவு திறக்கிறது. கேட்டது நான்தான். வேறு வழியில்லை, மகள் கேட்டால் திறக்காது. சீனியம்மாள் என்றொரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், தன் கிடாவைப் பிள்ளை மாதிரி தடவிக்கொண்டே காட்டினாள். கறுப்பு, வெள்ளைக் கோடு, திமிறும் கழுத்து. என் மகள் அதன் கீழ் இமையை இறக்கிப் பார்த்தாள். அதற்கு ஒரு வண்ண அட்டை வைத்திருக்கிறாள். இமை வெளுத்திருந்தால் புழு ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம், சிவந்திருந்தால் இல்லை. கிடாவின் இமை செம்பருத்தியாக இருந்தது. அன்றைக்குப் பார்த்த அத்தனை மஞ்சள்கயிறு ஆட்டுக்கும் அப்படித்தான். மகள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "நான் சொன்னேன்லம்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் இமையை நம்பி அங்கே ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டும். நாளை மறுநாள் தை கடைசி வெள்ளி, கிடா இருக்கன்குடிக்கு வரும். குடலை எங்களுக்குத் தருவாயா என்று சீனியம்மாளிடம் கேட்டோம். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆத்தாளுக்கு வெட்டியதில் ஒரு துண்டும் பாட்டிலுக்குள் போகக் கூடாது, குடலும் உறவுக்காரர் பந்திக்கு வந்தாக வேண்டும். நான் மெதுவாக, குடல் வேண்டாம், அதற்குள் இருக்கும் பூச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அவள் யோசித்தாள்.

"பூச்சியையா நேந்தேன் ஆத்தாளுக்கு? அள்ளிட்டுப் போங்க மதினி."

நான்காம் நாள் முழுக்கச் சாமான் வாங்கினோம். அகலமான பேசின்கள், வடிகட்டித் துணி, பாட்டில்கள். பாட்டிலில் ஒட்டும் காகிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். லேபிள் ஒட்டுவதில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரிமுத்து சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். காரத்தில் மூவருக்கும் கண்ணீர். அந்தச் சேவை மகள் ஸ்காட்லாந்துக்கு ஒருதரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவளோடு வேலைபார்க்கும் பெண் ஒரு வாய் தின்றுவிட்டு ஜன்னலைத் திறந்துகொண்டு நின்றாளாம்.

வெள்ளிக்கிழமை. பார்த்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் அந்த மணல் முழுக்க மஞ்சள் சீலை. மொட்டைத்தலைகள், அக்கினிச்சட்டி, வயிற்றில் மாவிளக்கை வைத்துப் படுத்திருக்கிற பெண்கள், டிராக்டரிலும் மினிவேனிலும் வந்து இறங்கும் ஆடுகள். மரத்துக்கு மரம் ஒரு குடும்பம், ஒரு அடுப்பு. நான் எத்தனையோ தரம் வந்திருக்கிறேன், கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் மூன்று பேசின்களோடு உட்கார்ந்தேன். சீனியம்மாள் குடலைக் கொண்டுவந்தாள். என் மகள் நான்காவது இரைப்பையைக் காட்டினாள், அதில்தான் அந்தப் புழு குடியிருக்குமாம். நான் அதைக் கீறி, கழுவி, அலசிய தண்ணீரை அவளிடம் கொடுத்துவிட்டு, மீதிக் குடலையும் சுத்தமாகக் கழுவி, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, சீனியம்மாள் கையில் கொடுத்தேன். பக்கத்து மரத்துப் பெண் பார்த்துவிட்டாள். விருந்துச் சமையலில் ஒருத்தரும் விரும்பாத வேலை குடல் கழுவுவது. கழுவித்தர ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள் என்று பேச்சுப் பரவிவிட்டது. அரைமணி நேரத்தில் என் முன்னால் வரிசை.

"ஆச்சி, கொஞ்சம் சீக்கிரம். மாமனார் குடல் கறிக்குத்தான் காத்திருக்காரு, கிடாயைவிட அவரு சத்தம் பெருசா இருக்கு."

"பூச்சியை எடுத்து என்ன பண்ணுவாக? பொடி பண்ணி விப்பாகளோ?"

"எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் கழுவித்தாங்க ஆச்சி, உள்ளுக்குள்ள அம்புட்டும் அழுக்கு."

ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: எந்த ஊர், மருந்து பட்டதா. மஞ்சள்கயிறு ஆட்டுக்கெல்லாம், "ஆத்தாளோடதுக்கு யாரு கொடுப்பா?" என்றே பதில் வந்தது. ஊர்ப்பேரை நானே பென்சிலால் எழுதி ஒட்டினேன். கை விறைத்து, இடுப்பு கழன்றுவிட்டது. மகள் பக்கத்திலிருந்த யாத்ரிகர் கொட்டகையில் மேசை போட்டு மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோனேன்.

முதல் பாட்டிலை வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். சீனியம்மாள் கிடா. நான் எட்டிப்பார்த்தேன். தட்டு முழுக்க நெளிந்தது.

ஒரு பாட்டில்தானே என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படி, மூன்றாவதும் அப்படி. அவள் எண்ணிக்கொண்டே போனாள், இடுக்கியால் எடுத்து எடுத்து. வெளியே மேளச்சத்தம்.  நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், மருந்து படாத ஆடு கிடைக்கவில்லை என்று அவள் மரியாதையோடு திரும்பிப்போயிருப்பாள். ஊரெல்லாம் கூட்டிப்போய், அவள் பேச்சைப் பொய்யாக்க நானே வழிகாட்டியிருக்கிறேன்.

ஏழாவது தட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா, நான் சொன்னது தப்பு" என்றாள்.

இருபது வருசத்துப் பேச்சு. அதை, மழை பெய்யுது என்கிற மாதிரிச் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, அந்தக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னாள்.

முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. தட்டில் தலைமயிர் மாதிரி இருந்த பூச்சி, கயிறாகக் கிடந்தது. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு. சிவப்பு, அது குடித்த ஆட்டு ரத்தமாம். அதைச் சுற்றி வெள்ளையாகப் போவது கர்ப்பப்பை. உள்ளே முட்டைகள், கடுகைவிடச் சின்னதாக, ஒன்றையொன்று தொட்டு, வரிசை பிசகாமல். இத்தனை வருசம் இன்னதென்று தெரியாமலே இதைத் தண்ணியோடு வாய்க்காலில் கொட்டியிருக்கிறேன். கழுத்தில் போடும் நகைக்கு வேண்டிய அழகையெல்லாம் ஆத்தா இருட்டுக்குள் கிடக்கிற பூச்சிக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள். எத்தனை நேரம் பார்த்தேனோ, மகள் தோளைத் தொட்டபிறகுதான் நிமிர்ந்தேன்.

"இம்புட்டுப் புழு அங்க ஒரு ஆட்டுக்கு இருந்தா அது நிக்காதும்மா, விழுந்துரும். சீனியம்மா கிடா முந்தாநேத்து துள்ளுச்சு. இமை செவப்பா இருந்துச்சு. விரட்டல, உள்ள வச்சுக்கிட்டே நல்லா இருக்கு. எப்படி?"

என்னிடம் கேட்கவில்லை, தட்டிடம் கேட்டாள். நான்தான் வாய் தவறிச் சொன்னேன்: நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு வீட்டில் தனிக் கவனிப்பு, மேய்ச்சலுக்குப் போய்வந்தாலும் கொல்லையில் தீனி வேறு போடுவார்கள் என்று. அவள் திரும்பினாள். என்ன போடுவார்கள் என்றாள். வீட்டுக்கு வீடு மாறும் என்றேன்.

அவள் போனை எடுத்து அந்த மேலதிகாரியைக் கூப்பிட்டாள். எடுத்ததும் முதல் வார்த்தையாக, தான் சொன்னது தப்பு என்று சொன்னாள், அது மட்டும் எனக்கே புரிந்தது.  பிறகு இருவரும் வேகமாகப் பேசினார்கள். வைத்ததும் கேட்டேன். "மூடுறதை நிறுத்தி வைக்க முடியுமான்னு கேட்டேன். 'தப்புன்னு தெரிஞ்சதுக்கு யாரும் அவகாசம் தர மாட்டாங்க, அடுத்த கேள்வி என்னன்னு எழுதி அனுப்பு, அதைக் காட்டிப் பேசிப்பார்க்கிறேன்'னாரு" என்றாள். தோற்றவள் முகம் இல்லை அது. ஒன்பது வயதில் பேசினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாளே, அந்த முகம்.

"அம்மா, ஒவ்வொரு வீட்டுலயும் என்ன போட்டாகன்னு கேட்டுட்டு வா."

கோயில் கூட்டத்தில், அடுப்படி அடுப்படியாக, தெரியாத ஆட்களிடம். ஆம்பிளைகளும் இருப்பார்கள். போனேன். சீனியம்மாள் கேப்பைக் கூழும் அகத்தியும் என்றாள். அடுத்தவள் இலையோடு ஒடித்த புளியமிலாறும் வடித்த கஞ்சியும் என்றாள். ஒருத்தி வேப்பங்குழை என்றாள். பருத்திக்கொட்டை ஊறவைத்துக் கொடுத்தோம் என்று ஒரு பெரியவர், குடல் கறியைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல காரம், நான் கழுவிய குடல்தான்.

திரும்பிப்போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஊர்ப்பேருக்கு நேரே எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். ஆற்றுமணல் போகிறவரைக்கும் அடுப்புப் புகை.

"நிறையப் பேர் இருக்காக பாப்பா" என்றேன்.

"சரி, போ" என்றாள், குழாயில் கண்ணை வைத்தபடியே.